கண்ணாடிக்காரரின் பாதி வாக்கியம்

கண்ணாடிக்காரரை எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அவர் மனைவிக்கு நுரையீரல் கெட்டதிலிருந்து நான்தான் காலையும் மாலையும் போய், மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்து, முதுகைத் தட்டிச் சளி எடுத்துவிட்டு வருகிறேன். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் சும்மா இருந்தால் கை மரத்துப்போகும். இத்தனை காலத்தில் "உக்காருங்க சிஸ்டர்" என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "செருப்பை வெளிய விடுங்க" என்பது தவறாமல் வரும்.

தெருவின் பகைக்குக் காரணம் வேறு. விமான நிலையத்து ஓடுபாதை முடிகிற இடத்தில் எங்கள் வீடுகள் ஆரம்பிக்கின்றன. இறங்குகிற விமானத்தின் சக்கரத்தை மாடியில் நின்று பார்த்தால் குனியத் தோன்றும். அவர் முதலில் படங்களுக்குச் சட்டம் போடும் சின்னக் கடை வைத்திருந்தார். விமானங்கள் பெருகின, ஜன்னல்கள் அதிர்ந்து விரிசல் விட்டன, அவர் பிழைத்துக்கொண்டார். பிறகு இரட்டைக் கண்ணாடி வந்தது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே இடைவெளி விட்டு, ஓரமெல்லாம் ரப்பர் வைத்து இறுக்கிவிட்டால் சத்தம் வெகுவாக அடங்கும். நாங்கள் தூக்கம் கெட்டு வயிறெரிந்தோம்; அவர் கடைக்கு மாடி எழுப்பினார். விமான நிலையத்துக்காரர்களே கூப்பிட்டுத் தங்கள் கூட்ட அரங்குக்குக் கண்ணாடி போடச் சொன்னார்கள். "உள்ள உக்காந்து பாத்தா, தொட்டியில மீன் போற மாதிரி பிளேன் போகும்" என்று பீற்றிக்கொண்டார்.

எதிர்வீட்டு டெய்லரம்மாதான் அவருக்குப் பரம எதிரி.

"ஊர்க்காரன் காதுல ரத்தம் வந்தா உனக்குக் கல்லா ரொம்புது. நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

"நல்லாத்தான் இருக்கேன். உன் ஜன்னல்ல கோணி தொங்குதே, முதல்ல அதைப் பாரு."

"கோணி தொங்கினாலும் மானம் தொங்கல..."

அந்த நேரத்தில் விமானம் வரும். இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். அவர் ஒற்றை விரலைத் தூக்கியபடி நிற்பார். அந்த அம்மா கத்தரிக்கோலை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிற்பாள். வால் கூரைக்குப் பின்னால் மறைந்ததும் விட்ட இடத்திலிருந்து, "...உனக்குத் தொங்குற மாதிரி!" என்று சண்டை தொடரும்.

இது எங்கள் தெருப் பழக்கம். தலைக்குமேல் விமானம் இருக்கும்போது யாரும் பேசுவதில்லை. நிறுத்தியவர் பேச்சுக்குள் யாரும் புகுவதுமில்லை. பிள்ளையைத் திட்டும் தாய் பாதித் திட்டில் நிற்பாள். திட்டு வாங்கும் பிள்ளையும் ஓடிப்போகாமல் மீதிக்குக் காத்திருக்கும். எதிரிக்கும் இந்த ஒரு மரியாதை உண்டு.

மனைவிக்காக அவர் பின்னறையில் மூன்று அடுக்குக் கண்ணாடி போட்டிருந்தார். தெருவிலேயே அமைதியான அறை அதுதான். நுரையீரல் நன்றாக இருந்தவரை அவள் ராணி மாதிரி தூங்கினாள். நோய் வந்ததும் அதே அறை பகையாகிவிட்டது. மூடி வைத்தால் மூச்சு முட்டியது. ஏசி போட்டார், காய்ந்த காற்று இருமலைக் கூட்டியது. முன்னறைக்கு மாற்றினால் சத்தத்தில் கண் மூட முடியவில்லை.

"மருந்து மாதிரி என்னை பாட்டில்ல ஊத்தி மூடி வெச்சிருக்காரு, சிஸ்டர்" என்பாள் அவள்.

ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்க முடிகிற இடத்துக்கு அவளைக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். கேட்க நன்றாக இருந்தது. மருந்துக்கும் கடைக்கடனுக்கும் போக அவரிடம் மிஞ்சியது அந்த வீடுதான். விமானத்துக்குக் கீழே இருக்கும் வீட்டை எந்த மடையன் வாங்குவான்?

அந்தச் சமயத்தில்தான் மண்டலத் திட்டம் வந்தது. சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் சேர்த்துத் தொலைவில் புதிதாக ஒரு விமான நிலையம் கட்டுவதைவிட, இங்கேயே இரண்டாவது ஓடுபாதை போட்டுக் கொள்ளளவை உயர்த்துவது லாபமாம். எனக்குத் தெரிந்த கொள்ளளவு மூத்திரப்பையுடையது. நிறைந்தால் காலி செய்ய வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரன்மேல் கொட்டக்கூடாது. திட்டம் போடுகிறவர்களுக்கு இந்தப் பாடம் நடத்தப்படவில்லை போலிருக்கிறது.

வரைபடத்தில் சிவப்புக்குள் வரும் வீடுகளை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே வேறு வீடு கொடுப்பார்கள். மஞ்சளுக்குள் வருகிறவர்களுக்கு இலவசமாக இரட்டைக் கண்ணாடி. இருந்த இடத்திலேயே கிடக்கலாம். எங்கள் தெரு மஞ்சளில் விழுந்தது. சிவப்புக்கோடு பின்தெருவோடு நின்றுவிட்டது.

"மஞ்சள்னா அந்தக் கண்ணாடிக்காரனுக்குத்தானே கொண்டாட்டம்? அவன்தான் உள்ள புகுந்து கோட்டை இழுத்திருப்பான்" என்றாள் டெய்லரம்மா. தெருவே நம்பியது. நானும் நம்பினேன்.

கருத்துக் கேட்கும் கூட்டத்தன்று காலை நான் அவர் மனைவியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி ஒத்திகை பார்த்தார்.

"நல்ல கண்ணாடி போட்டா சத்தம் உள்ள வராது. ஆனா காத்தும் வராது. என் பொண்டாட்டிய அப்படித்தான் அடைச்சு வெச்சிருக்கேன். எங்க தெருவையும் சிவப்புல சேத்து எடுத்துக்குங்க."

"பொண்டாட்டின்னு சொல்லாதீங்க. மனைவின்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

"நீ ஒழுங்கா மூச்சு விடு. அது போதும்."

தன் பிழைப்பில் தானே மண்ணைப் போடக் கிளம்பிய மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

கூட்டம் அவர் கண்ணாடி போட்ட அதே அரங்கில். பஞ்சு வைத்து அடைத்த காது போல அவ்வளவு அமைதி. திட்ட அதிகாரி, தெரிந்த முகம் என்று அவரைத்தான் முதலில் அழைத்தார். அவர் மைக்கைப் பிடித்தார்.

"நல்ல கண்ணாடி போட்டா சத்தம் உள்ள வராது."

கண்ணாடிக்கு வெளியே ஒரு விமானம் மேலேறியது. துளிச் சத்தம் இல்லை. ஆனால் கண் பார்த்துவிட்டது. வாய் தானாக மூடிக்கொண்டது. விரலைத் தூக்கியபடி நின்றார். நாங்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு மரியாதையாக மீதிக்குக் காத்திருந்தோம். டெய்லரம்மாகூட.

"சுருக்கமா சொன்னீங்க. தொழில் தெரிஞ்சவரே சொல்லிட்டாரு. அடுத்தவர்" என்றார் அதிகாரி.

வால் மறைந்தபோது மைக் வேறு கைக்குப் போயிருந்தது.

"சார், நான் இன்னும் முடிக்கல!"

"ஒருத்தருக்கு ஒரு தரம்தான். உக்காருங்க."

டெய்லரம்மா எழுந்தாள். "பிளேன் போனா நாங்க நிறுத்துவோம்யா! அந்த ஜன்னலத் திறந்து விடுங்க, ஏன் நிறுத்தறோம்னு உங்க காதுக்கும் கேக்கட்டும்!"

அதிகாரி கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "திறக்க முடியுமா?"

"முடியாது" என்றார் அவர். "நான் போட்டது."

மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு எங்கள் தெருவிலிருந்து யார் என்ன பேசினாலும், "உங்க கண்ணாடிக்காரரே சொல்லிட்டாரே" என்ற ஒரே பதில்தான். கோடு அசையவில்லை.

"உன் வாயில நல்ல வார்த்தை வர்றதே அபூர்வம். அதையும் பாதியில முழுங்கிட்டியே!" என்று வழியெல்லாம் வறுத்தெடுத்தாள் டெய்லரம்மா. அவர் வீட்டுக்குப் போனதும் கத்தியை எடுத்துப் பின்னறை ஜன்னலின் ரப்பரை அறுத்தார். மூன்று கண்ணாடியையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, கடையில் கிடந்த பழைய ஜன்னல் மரக்கதவைப் பொருத்தினார். தாழ்ப்பாள் கிடைக்கவில்லை, அது ஆடிக்கொண்டே இருந்தது. காற்று வந்தது. கூடவே சத்தமும் வந்தது.

"தூக்கம் போச்சு. ஆனா முழிச்சிருக்கிறப்பவாவது மூச்சு விடறேன்" என்றாள் மனைவி. இது குணமல்ல. நோயாளி தேர்ந்தெடுத்த அவஸ்தை, அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் திட்ட அதிகாரியே வீடு தேடி வந்தார். தெரு முழுவதற்கும் கண்ணாடி போடும் வேலையை இவருக்கே தருவதாகப் பேச்சு. அந்த நேரம் மருந்துப் புகை மெஷினின் பிளக் நிற்காமல் அவர்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அதிகாரி பின்னறைக்கே வர வேண்டியிருந்தது. வேடிக்கை பார்க்க டெய்லரம்மாவும் வாசற்படியில் வந்து நின்றாள்.

"செருப்பை வெளிய விடுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

அதிகாரி விட்டுவிட்டு வந்து ஆரம்பித்தார். விமானம் வந்தது. கண்ணாடிக்காரர் விரலைத் தூக்கினார். அதிகாரிக்கு அது புரியவில்லை; கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டே போனார். வாய் அசைந்தது, கை ஆடியது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. சத்தம் ஓய்ந்தபோது அவரும் பேசி முடித்திருந்தார்.

"அப்ப சம்மதம்தானே?" என்றார்.

"சுருக்கமா சொன்னீங்க, சார்" என்றார் கண்ணாடிக்காரர். "அடுத்தவர்."

"நான்தான்யா அடுத்தவ!" என்று டெய்லரம்மா உள்ளே புகுந்து பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதிகாரி செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தெருவில் இறங்கினார். "வேற ஆளப் பாத்துக்குங்க" என்று அதிகாரியின் முதுகைப் பார்த்துச் சொன்னார் கண்ணாடிக்காரர். உடனே டெய்லரம்மா அவர் பக்கம் திரும்பி, "அப்ப என் ஜன்னல்ல கோணியே தொங்கட்டுமா, பாவி?" என்று அடுத்த சண்டைக்கு ஆரம்பம் போட்டாள்.

மனைவி சிரித்தாள். அவள் நுரையீரலுக்குச் சிரிப்பு ஆகாது. இருமல் பிடித்துக்கொண்டது. இருவரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு அவளை நிமிர்த்தி உட்காரவைத்து மாஸ்க்கை மறுபடியும் வைத்தேன். ஆடும் மரக்கதவைக் கையால் பிடித்துக்கொண்டிருந்த கணவர், "இதைச் சாத்திடவா?" என்று கேட்டார்.

அவள் மாஸ்க்கை விலக்கி ஒற்றை விரலைத் தூக்கினாள். விமானம் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் காத்திருந்தோம்.

அது போனதும், "தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள்.