கையைப் பிடித்து இழுத்தான்

வைதேஹிக்குக் கீழ்வீட்டு ஜலஜாவைப் பிடிக்காது. பிடிக்காது என்று சொன்னால் போதுமா? ஜலஜா சிரித்தால் இவளுக்கு வயிறு எரியும். தலைநகரத்துக் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி இது. தெரியாத மாதிரி இருந்தது வைதேஹி மட்டும்தான்.

எல்லாம் பிள்ளைகளால் வந்தது. இவள் பிள்ளை ஷ்ரவணும் ஜலஜாவின் பிள்ளை அர்விந்தும் ஒரே மட்டையை மாற்றி மாற்றிப் பிடித்து பார்க்கில் கிரிக்கெட் ஆடினவர்கள். வைதேஹி ஸ்டெனோவாக இருந்த காலேஜுக்கே இரண்டு பேரும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் முயற்சி பண்ணினார்கள். ஓர் ஆசிரம டிரஸ்ட் நடத்திய காலேஜ் அது. அர்விந்தை எடுத்துக்கொண்டார்கள். ஷ்ரவணை முதல் ரவுண்டிலேயே, ஹிந்தியில் "பஸ், பேட்டா", போதும் தம்பி என்று அனுப்பிவிட்டார்கள். அவன் தபாலில் பி.காம். படிக்கிறேன் என்று மத்தியானம் வரை தூங்கினான். அர்விந்த் போட்ட வேகப்பந்துக்குப் பேப்பரில் போட்டோவே வந்தது. அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஜலஜா மாடி ஏறி வந்தாளே, அடடா, அந்த நடை!

"கண்ணாடி போட்டுண்டு பாருங்கோ வைதேஹி, சின்னதாப் போட்டிருக்கான்."

சின்னதாம்! கால் பக்கத்துக்கு இருந்தது.

"கோட்டாவுல நுழைஞ்சவன்தானே" என்று வைதேஹி கோயிலில் சொன்னாள், சரோஜினி நகர் மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். புருஷன் வெங்கடராமனே பொறுக்கமாட்டாமல் ஒரு நாள், "போறும் வைதேஹி. கேக்கறவா அவனைப் பாக்கலை, உன்னைத்தான் பாக்கறா" என்றார். அவள் காதில் ஏறினால்தானே!

தொண்ணூற்றெட்டில், குளிர் ஆரம்பிக்கிற சமயம், கோமளா என்ற பெண் அர்விந்த் மேல் புகார் கொடுத்தாள். திண்டிவனத்துப் பக்கத்துப் பெண். டிரஸ்ட் கொடுத்த உபகாரச் சம்பளத்தில் படிக்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஹிந்தி 'அச்சா'வோடு சரி. இங்கிலீஷ் பேசச் சொன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஜிம்முக்குப் பக்கத்து அறையில் அர்விந்த் தப்பாக நடந்துகொண்டான் என்று ஹாஸ்டல் வார்டனிடம் அழுதிருக்கிறாள். வார்டனுக்குப் பாதிதான் புரிந்தது. விசாரணையில் அவள் சொல்வதை ஹிந்தியில் சொல்ல வைதேஹியைக் கூப்பிட்டார்கள்.

கேட்டதும் வைதேஹிக்கு முதலில் வந்தது அந்தப் பெண் மேல் பரிதாபம் இல்லை. 'மாட்டிண்டானா!' என்றுதான் வந்தது. உள்ளே பாயசம் இறங்கின மாதிரி இருந்தது. அதை வாய்க்குள் வைத்துக்கொண்டாளா? சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பக்கத்து பிளாக் சுபாஷிணியிடம், "ஜலஜா பிள்ளை ஆட்டம் நாளையோட க்ளோஸ். யார் வாயால தெரியுமா? பாத்துண்டே இரு" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

பிரார்த்தனை மண்டபத்தை ஒட்டின அறையில் விசாரணை. நடுவில் காலேஜ் செயலாளரான சுவாமிஜி, பக்கத்தில் பிரின்சிபால், ஓரத்தில் விளையாட்டுத் துறை விஸ்வநாதன். விஸ்வநாதனும் தமிழர்தான், தஞ்சாவூர்க்காரர். அடுத்த வாரம் பெரிய போட்டி இருந்தது. அர்விந்த் இல்லாவிட்டால் டீமே இல்லை. முதலில் சாந்தி மந்திரம் சொன்னார்கள். அப்புறம் சுவாமிஜி, "சொல்லு பேட்டி" என்று மகளைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார்.

கோமளா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் தனியா இருக்கும்போது உள்ள வந்து கையப் புடிச்சி இழுத்தாரு மேடம்."

அவ்வளவுதான். தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்த எவளுக்கும் அது போதும். கையைப் பிடித்து இழுத்தான் என்றால் கையோடு விட்டான் என்றா அர்த்தம்? மற்றதை வாயால் சொல்ல முடியாதவள் சொல்கிற வார்த்தை அது. அப்போதுதான் அவள் கழுத்தோரத்து நகக்கீறல் வைதேஹி கண்ணில் பட்டது. ஜலஜா, பேப்பர், போட்டோ எல்லாம் சுத்தமாக மறந்து போயின. "இந்தப் பெண்ணின் மானத்தில் கைவைத்திருக்கிறான்" என்று ஹிந்தியில் நேராகச் சொன்னாள்.

விஸ்வநாதன் தொண்டையைக் கனைத்தார். "வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க மேடம்."

"சார், தமிழ்ல அப்படிச் சொன்னா..."

"வார்த்தைக்கு வார்த்தை."

"கையைப் பிடிச்சு இழுத்தான்."

"ஹாத் பகட்கர் கீஞ்சா. இவ்வளவுதான் சுவாமிஜி. மீதியெல்லாம் மேடம் சேர்த்தது" என்றார் விஸ்வநாதன். பிறகு கோமளா பக்கம் திரும்பித் தமிழில், "ஏம்மா, கையைப் பிடிச்சு இழுத்தான், அதானே?" என்றார்.

"ஆமா சார்" என்றாள் கோமளா. நம் பாஷைக்காரர், புரிந்துகொண்டார் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

வைதேஹி விஸ்வநாதன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் பொண்ணு இருக்காளே சார். இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதா உங்களுக்கு?"

அவர் சுவாமிஜி பக்கம் திரும்பினார். நிதானமாக ஹிந்தியில் சொன்னார்: "மேடத்தின் பையனும் அன்றைக்குச் செலக்ஷனுக்கு வந்தவன். நாம் எடுக்கவில்லை. நேற்று பஸ் ஸ்டாப்பிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாராம். அர்விந்தின் அம்மா போனில் அழுதாள்."

எல்லோரும் வைதேஹியைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். அவர் சொன்னதில் பொய் என்று சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை.

சுவாமிஜி கண்ணை மூடி, "க்ஷமா" என்றார். மன்னிப்புதான் பெரிய தர்மமாம். அர்விந்த் ஒரு வாரம் பிரார்த்தனை மண்டபத்தைப் பெருக்க வேண்டும், காலையில், பிராக்டிஸுக்கு இடைஞ்சல் இல்லாமல். கோமளா மனசு சாந்தியாகிற வரை ஊருக்குப் போயிருக்கலாம். அதன் அர்த்தம் வைதேஹிக்குப் புரிந்தது. அதை மொழிபெயர்க்க யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஜலஜா பிள்ளைக்கு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். "நெடியே வரலை பாருங்கோ! எத்தனை திருஷ்டி இருந்திருக்கணும்!" என்று மாடிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். வைதேஹி ஜன்னலைச் சாத்தவில்லை. கேட்டுக்கொண்டே நின்றாள்.

மறுநாள் ரயில் டிக்கெட் வாங்கிக்கொள்ள கோமளா ஆபீஸுக்கு வந்தாள்.

"நான் சொன்னத நீங்க சரியாத்தானே சொன்னீங்க மேடம்?"

"சரியாத்தான் சொன்னேன்டி கண்ணு."

"அப்பறம் ஏன் நம்பல? உங்களக் காட்டி ஹிந்தியில என்னமோ பேசினாரே அந்த சாரு?"

வைதேஹி சொன்னாள். ஷ்ரவண், பேப்பர், வெண்டைக்காய்க் கடை, பஸ் ஸ்டாப், ஒன்றையும் ஒளிக்கவில்லை. கோமளா கோபப்படவில்லை. டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல் வரை போனாள். அங்கே நின்று கேட்டாள்:

"இந்த காலேஜில தமிழ் தெரிஞ்ச பொம்பள வேற யாருமே இல்லயா மேடம்?"