அண்ணனின் டிஸ்க்கைத் தேடிய கணினி

எங்கள் வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டது நான்தான். கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணன், தான் எடுக்கும் படங்களையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுப் பையிலேயே வைத்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் அதைச் செருகித்தான் கணினியைத் திறப்பார். கணினி திறக்கும்போது அந்த டிஸ்க் தானாக இணைந்துகொள்ளும்படி, அதற்கான கோப்பில் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்.

"கெட்டிக்காரன்தான் லா! சம்பளம் மட்டும் கேக்காத" என்று சிரித்தார்.

போன வருடம் மோட்டார் விபத்தில் அண்ணன் இறந்துபோனார். பையிலிருந்த டிஸ்க்கும் நொறுங்கிவிட்டது.

கருமாதி முடிந்து கணினியைத் திறந்தேன். கறுப்புத் திரையோடு அப்படியே நின்றது.

"என்னடா பண்ணுது?" என்றார் அம்மா.

"அண்ணன் டிஸ்க்கத் தேடுதும்மா. கொஞ்ச நேரம் பாத்துட்டு, கிடைக்கலன்னா அது இல்லாமலே திறந்துக்கும்."

அதன்பிறகு தினமும் காலையில் அம்மாதான் கணினியைத் திறப்பார். நாற்காலியை இழுத்துப்போட்டு, அது தேடி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். கிளம்புமுன் கணினி தேவைப்படும் எனக்கோ வேலைக்கு நேரமாகும். ஒரு நாள் பொறுமையிழந்து அந்த வரியை அழித்துவிட்டேன்.

மறுநாள் கணினி சட்டென்று திறந்தது.

"பாத்தியாம்மா, எவ்ளோ ஸ்பீடு!"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன் வரமாட்டான்னு இதுக்கும் சொல்லிட்டியாடா?"

மறுபடியும் எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாமெனத் தலையசைத்துவிட்டு எழுந்து போனார்.

எதையும் சீக்கிரம் சரிசெய்துவிட வேண்டும் எனக்கு. அண்ணன் இல்லாததையும் அப்படியே கடந்துவிட்டதாக நினைத்திருந்தேன். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன்.