கார்டில் தங்கிய பதினோரு பெயர்கள்

பட்டியல் அனுப்பக் கடைசி நாள். மாலை நான்கு மணிக்குத் திரையில் ‘சென்ட்’, அனுப்பியாயிற்று என்று வந்தது. பதினோரு பெயர்களும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போகவில்லை.

எண்பதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் எங்கள் அலுவலகத்துக்கு அப்போதுதான் கம்ப்யூட்டரும் சென்னைக்கு நேர் லைனும் வந்திருந்தன. நான் ஆபரேட்டர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். தகுதிகாண் பருவம் முடியவில்லை. அன்று அனுப்பியது, தினக்கூலி ஊழியர்களை நிரந்தரமாக்குவதற்கான பட்டியல். மூன்றாவது பெயர் கபீர் பாய். ஒன்பது வருடமாக எங்கள் அலுவலகத்தில் கூட்டுவது முதல் ஃபைல் தூக்குவது வரை பார்த்தவர்.

மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை. அலுவலகத்தில் முதல் நாளே கும்பிட்டுவிடுவோம். சூப்பிரண்டெண்ட் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

“இன்னும் ஓடிக்கினு இருக்குதே. ஓடுற மிஷினுக்கா பொட்டு வெக்கிறது? நிறுத்துப்பா.”

பொரி மூட்டையை இறக்கிவைத்த பாய், சுவிட்ச் பக்கத்தில் நின்றார்.

“ஆஃப் பண்ணட்டா தம்பி? நம்ம பேரு போயிடுச்சா?”

“போயிடுச்சு பாய். பண்ணுங்க.”

“அப்ப அடுத்த வருசம் பொரி தூக்க வேற ஆளப் பாத்துக்குங்க. நான் பர்மனென்ட்டு” என்று சிரித்துக்கொண்டே அணைத்தார்.

கம்ப்யூட்டர் எதையும் நேராக லைனில் போடுவதில்லை. லைனுக்கென்று உள்ளே இருக்கும் நெட்வொர்க் கார்டிடம் கொடுக்கிறது. கார்டுக்கென்று ஒரு சின்ன நினைவகம் உண்டு, பஃபர் என்போம். அதில் வாங்கி வைத்து, பாக்கெட்டுகள் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்து, முன்னால் முகவரியும் வரிசை எண்ணும், பின்னால் பிழை சரிபார்க்கும் எண்ணும் சேர்த்து, லைன் கிடைக்கும்வரை கார்டு காத்திருக்கும். கார்டு வாங்கிக்கொண்டதுமே எங்கள் புரோகிராம் ‘சென்ட்’ என்று காட்டிவிடும். அன்று லைன் செத்துக் கிடந்தது. லைனை இணைக்கும் பெட்டியான மோடத்தில் விளக்கு சிமிட்டுகிறதா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பதினோரு பெயர்தான் என்பதால் பஃபரில் முழுசாக அடங்கிவிட்டது. ஆயிரம் பெயர் இருந்திருந்தால் பாதியில் நின்றிருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். கரண்டை அணைத்ததும் பஃபர் காலி.

விடுமுறை முடிந்து வந்தால் சென்னையிலிருந்து போன், பட்டியல் வரவில்லை என்று. ஃபிளாப்பியிலிருந்து எடுத்துத் திரும்ப அனுப்பினேன். கெடு முடிந்துவிட்டது, லைன் செத்திருந்த நேரத்தில் மிஷினை அணைத்ததால்தான் பட்டியல் போனது என்றார்கள்.

சூப்பிரண்டெண்ட் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“மிஷின ஆஃப் பண்ணது யாரு?”

“பாய்தான் சார். ஆனா நான்தான்…”

“ஆனா கீனால்லாம் வேணாம். உன் வேலை போயிடும். நிறுத்தச் சொன்னதுக்கு என் பேரும் வரும். பாய் ஆஃப் பண்ணான்னு எழுது. அது பொய்யா?”

“பொய் இல்ல சார்.”

எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் பாயை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சைக்கிளை எடுக்கும்போது, “போயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க தம்பி” என்றார். நான் உள்ளே போய் மிஷினைப் போட்டேன். அந்த வருடமே என் வேலை நிரந்தரமானது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்த பிறகே ‘போய்ச் சேர்ந்தது’ என்று எழுதுங்கள். விளக்கக் கடிதம் எழுத நேர்ந்தால், அடுத்தவர் செய்ததோடு நீங்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். நான் எழுதவில்லை.