அம்மாவின் நெஞ்சு மாத்திரை

இன்று அம்மாவைப் பதுளைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். வலி எதுவும் வருவதற்கு முன்பே பிரஷரும் கொலஸ்ட்ரோலும் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்து, இதயத்துக்கு ஆபத்து என்று தினமும் போட மாத்திரை கொடுத்தார் டாக்டர்.

திரும்பும்போது, பசறையில் பஸ் ஏறிய பக்கத்து வீட்டு செல்வி அக்கா, "நெஞ்சு கரிக்குது" என்றார்.

அம்மா உடனே பையை அவிழ்த்தார். "இந்தா, நெஞ்சுக்குத்தான் குடுத்தாங்க."

"அம்மா, அது ஒனக்கு!"

"எனக்கு எங்கடா வலிக்குது?"

"வலி வர முன்னுக்கே போடணும்மா."

"சீனி முடிஞ்சா அவதான் குடுக்குறா. மாத்திரைய மட்டும் ஒளிச்சு வைக்கவா?"

பஸ்ஸே அம்மா பக்கம்.

இப்போது செல்வி அக்கா எங்கள் வாசலில் நிற்கிறார். கரிப்பு நின்றுவிட்டதாம், அவரது அண்ணனுக்கும் ஒன்று வேண்டுமாம்.

எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இனி அம்மாவைத் தவிர எல்லார் நெஞ்சும் பத்திரம். உங்கள் வீட்டில் எப்படி?