அப்பாவின் பிரெஞ்சும் ஸ்பேம் பெட்டியும்

பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் காலையில் எனக்கு ஒரே வேலைதான். இயந்திரம் சந்தேகப்பட்டுத் தடுத்து வைத்த மின்னஞ்சல்களைத் திறந்து பார்த்து, நல்லதை உரியவருக்கு அனுப்ப வேண்டும், ஸ்பேமை ஒதுக்கிவிட வேண்டும். சொல்லும்போது அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி சுலபமாகத்தான் தெரியும். இத்தனை வருஷம் பொறுக்கியும் எது கல், எது அரிசி என்பதில் எனக்குக் குழப்பம் தீரவில்லை.

பேராசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இந்தக் குழப்பத்தைக் கூட்டுவதற்கென்றே இருப்பவர்கள். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நாங்கள் அனுப்பும் உண்மையான அறிவிப்பை மோசடி என்று எங்களுக்கே புகார் செய்வார்கள். எவனோ பரிசு விழுந்திருக்கிறது என்று எழுதியதைத் தடுத்து வைத்தால் மட்டும், ஏன் தடுத்தீர்கள் என்று போனில் கத்துவார்கள்.

பிரெஞ்சில் வருவதெல்லாம் என் தலையில் விழும். "சொல்தா வீட்டுப் பொண்ணு நீங்க இருக்கும்போது நான் வேற யார்கிட்ட போய் கேக்கறது?" என்பார் எங்கள் பிரிவுத் தலைவர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். நெல்லித்தோப்பு வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பிரெஞ்சு அரசாங்கத்துக்கு அவர் எழுதும் கடிதங்களை என்னைப் படியெடுக்க வைப்பார். ஒரு சான்றிதழ் கேட்பதற்கே 'ஐயா அவர்களே, என் ஆழ்ந்த மரியாதையை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பத்தியை எழுதுவதற்குள் கை கடுத்துவிடும். வருகிற பதிலும் அப்படித்தான். முடியாது என்பதைச் சொல்ல அரைப் பக்கத்துக்கு மரியாதை இருக்கும். ஆக, எனக்குள் ஒரு விதி உட்கார்ந்துவிட்டது. மரியாதையான பிரெஞ்சு நிஜம், மொட்டைப் பிரெஞ்சு போலி. அதை ஒருநாளும் நான் சந்தேகப்பட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தாள். கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பெண், நண்டுகளைப் பற்றி ஆராய்கிறவள். மற்றவர்கள் எல்லாம் மேடம் என்பார்கள், இவள் மட்டும் அக்கா என்பாள். பிரான்ஸில் ஒரு ஆய்வகத்தில் ஆறு மாதம் வேலை பார்க்க விண்ணப்பித்திருந்தாள். அதற்காகவே சாயந்தர வகுப்பில் சேர்ந்து பிரெஞ்சு படித்திருந்தாள். இந்த வாரம் பதில் வந்துவிடும் என்றாள். "ஸ்பேம்ல மாட்டியிருக்கான்னு கொஞ்சம் பாருங்கக்கா. இத விட்டா எனக்கு வேற வழியே இல்ல."

பார்த்தேன். ஆய்வகத்தின் பெயரில் ஒன்றும் இல்லை. "எதுவும் வரல்லம்மா" என்றேன். புதன், வியாழன், வெள்ளி என்று தினமும் வந்து கேட்டாள். தினமும் இல்லை என்றேன்.

ஆனால் அவள் பெயருக்கு ஒன்று வந்திருந்தது. செவ்வாய்க்கிழமையே வந்திருந்தது. ஏதோ ஒரு தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரியிலிருந்து, பெயருக்கு முன்னால் செல்வி என்கிற 'மத்மோசேல்' கூட இல்லாமல் மொட்டையாக எழுதியிருந்தார்கள். 'வணக்கம். எங்களுக்குச் சரி. வெள்ளிக்குள் இந்தப் படிவத்தை நிரப்புங்கள். பிறகு பார்ப்போம்' என்ற அளவில் இருந்தது, கீழே ஒரு இணைப்பு. பாவிப்பயல், இந்தப் பெண்ணைப் போயா ஏமாற்றப் பார்க்கிறான் என்று எனக்கு ஆத்திரம். ஸ்பேம் என்று குறித்து ஒதுக்கினேன். அவள் பயந்துவிடக் கூடாது என்று அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு.

அதே வாரம் பேராசிரியர் ஒருவருக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்து மாட்டியிருந்தது. ஏதோ மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராக அழைப்பு. அப்பா எழுதியது போலவே, கடைசிப் பத்தி வரை ஒரு மரியாதை குறையவில்லை. படித்தபோது கண் கலங்கிவிட்டது. உடனே அனுப்பிவைத்தேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டது. அந்த அழைப்பிதழில் இருந்த இணைப்பைத் திறந்து பேராசிரியர் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார். அவர் முகவரியிலிருந்து ஊர் உலகத்துக்கெல்லாம் மோசடிக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த மரியாதை மொத்தமும் போலியா? அப்படியானால், அந்த மொட்டைக் கடிதம்? போன வாரம் ஒதுக்கியதைத் தேடி எடுத்து, அனுப்பியவரின் பெயரை ஆய்வகத்தின் தளத்தில் தேடினேன். முதல் வரியிலேயே இருந்தார். ஆய்வகத்தின் தலைவியே அவர்தான்.

மாணவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலாம். "நாலு நாளும் வந்து கேட்டேனேக்கா" என்றாள், அவ்வளவுதான். உடனே போன் எடுத்து எழுதப் போனவளைத் தடுத்தேன். "நீ இப்ப எழுதாத. வெள்ளைக்காரங்களுக்கு முறைப்படி எழுதணும். ஆபீஸ்லேர்ந்து நானே எழுதறேன்."

எழுதினேன். சாப்பாட்டு மேசையில் கற்ற எல்லாவற்றையும் கொட்டி எழுதினேன். செவ்வாய் போயிற்று, பதில் இல்லை. புதன் மதியம் வரைக்கும் இல்லை. கடிதத்தில் எங்கே மரியாதை குறைந்தது என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை.

புதன் சாயந்தரம் அவள் வந்தாள். முகத்தைப் பார்த்தால் அழுதிருக்கிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பொறுக்க முடியாமல் மதியம் தானே எழுதிவிட்டாளாம். 'வணக்கம். உங்கள் கடிதம் தாமதமாகத்தான் என் கைக்கு வந்தது. எனக்குச் சம்மதம். இடம் இன்னும் இருக்கிறதா?' ஒரு மணி நேரத்தில் பதில். இடம் இருக்கிறது, வா. கூடவே இன்னொரு வரி: உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரில் யாரோ மோசடிக் கடிதம் அனுப்புகிறார்கள், ஜாக்கிரதை. கீழே அந்த மோசடிக் கடிதத்தையும் வைத்திருந்தார்கள்.

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். "இது நீங்க எழுதினதாக்கா?"

இல்லை என்று சொல்லிவிடத்தான் முதலில் வாயெடுத்தேன். நாலு நாள் சொல்லிப் பழகிய வாய் அல்லவா. "ஆமா" என்றேன்.

அவள் போனைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாக விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரை படித்தாள். எதிர்பாராத தொழில்நுட்பச் சூழ்நிலைகள், ஆழ்ந்த வருத்தம், உயரிய மரியாதை எல்லாம் இருந்தது.

"பிரெஞ்சு ரொம்ப நல்லாருக்குக்கா" என்றாள். "ஆனா, தப்பு நீங்க பண்ணதுன்னு எங்கயுமே எழுதலியே."

நானும் ஒரு தடவை தேடிப் பார்த்தேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.