நான் கிண்டாத கேசரி

தட்டாஞ்சாவடியில் எசன்ஸ் தயாரிக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. பிஸ்கட்டுக்கும் மிட்டாய்க்கும் வாசனை கலந்து கொடுக்கிறோம். வாழைப்பழ வாசனையும் அன்னாசி வாசனையும் எஸ்டர் என்கிற ரசாயன வகை. அவற்றைக் கலக்கிற நாட்களில் பஸ்ஸில் குழந்தைகள் என் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சும், அதோடு சரி. வம்பை இழுத்துவிட்டது நெய்தான்.

ஒரு ஸ்வீட் கடைக்காரர் நெய் எசன்ஸ் கேட்டிருந்தார். வெண்ணெய் மணத்துக்கு டைஅசிட்டைல், பால் கொழுப்பின் மணத்துக்கு லாக்டோன். இரண்டையும் எவ்வளவு ஊற்றினாலும் அது நெய் ஆகாது. ப்யூட்ரிக் அமிலம் துளி விழ வேண்டும். அந்த பாட்டிலைத் திறந்தால் குழந்தை கக்கிய பால் நாற்றம். கொஞ்சம் கூடினாலும் மொத்தமும் வீண். அளவாக விழுந்துவிட்டால் அப்போதுதான் உருக்கி இறக்கிய நெய். கடைக்காரர் கேட்டபடி ஏலக்காய் எண்ணெயும் சேர்த்தேன். வாரக்கணக்கில் இதே வேலை. கோட் மாட்டிக்கொண்டாலும் தலைமுடி, துப்பட்டா எல்லாம் வாசனை ஊறிவிடும். என் மூக்குக்கு அது பழகிப்போய் ஒன்றுமே தெரியவில்லை.

கருவடிக்குப்பத்தில் மாடி வீடு. அம்மா போன பிறகு நான் மட்டும்தான். தம்பி பிரான்சில். சாயங்காலம் வந்ததும் துப்பட்டாவை இரண்டு வீட்டுக்கும் பொதுவான வராந்தாக் கொடியில் போட்டுவிட்டுப் படியில் உட்காருவேன். எதிர்வீட்டுப் பெண்ணும் வந்து உட்காருவாள். புருஷனைத் திட்டுவாள், மாமியார் மாதிரி நடித்துக் காட்டுவாள். கம்பெனியில் நாள் முழுக்க தராசோடுதான் எனக்குப் பேச்சு. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அரக்கப்பரக்க வீடு திரும்புவேன். பேச வேறு யாரும் எனக்கு இல்லை.

திடீரென்று அவள் வருவது நின்றது. என்னைக் கண்டால் கதவைச் சாத்தினாள். என்ன தப்பு செய்தேன் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஒருநாள் படியில் மறித்துக் கேட்டேவிட்டேன்.

"தெனமும் கேசரி கிண்டறீங்க. நெய் வாசன எங்க வூட்டுக்குள்ள வருது. புள்ளைங்க என் மூஞ்சியப் பாக்குதுங்க. யாரு வந்துட்டுப் போறாங்களோ, அது எங்களுக்கு இன்னாத்துக்கு? ஒரு கரண்டி குடுக்க மனசு வரலியேக்கா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்று கோபமும் வந்தது. "ஏம்மா, அது என் துப்பட்டா. கம்பெனி வாசனை."

"எந்தக் கம்பெனியில ஏலக்கா போட்டுக் கிண்டறாங்க? யாருக்குக் காதுல பூ சுத்தறீங்க?"

"நீயே வந்து பாரு" என்று கையைப் பிடித்து இழுத்துவந்து என் சமையலறையில் நிறுத்தினேன். இருந்த திமிரில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினேன். ரவை இல்லை, நெய் இல்லை, சர்க்கரை இல்லை. மேடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், பிரெட் பாக்கெட். அடுப்பின் மேல் பழைய பேப்பர் விரித்திருந்தது.

அவள் டப்பாக்களைப் பார்க்கவில்லை. பேப்பரைத் தூக்கி அடுப்பைப் பார்த்தாள்.

"அடுப்பே பத்த வெக்கறதில்லியாக்கா?" குரல் இறங்கிவிட்டது. "யாருமே வர்றதில்லியா?"

பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்காமல், அவள் கையிலிருந்த பேப்பரை வாங்கி மறுபடி அடுப்பை மூடினேன்.

அவள் தன் வீட்டுக்குப் போய், சாம்பார் சாதம் போட்ட கிண்ணத்தைத் தட்டால் மூடி எடுத்துவந்தாள். "இனிமே தெனமும் தர்றேன்க்கா" என்றாள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவளிடம் சொல்வது போல. படியில் உட்காரவில்லை. புருஷனைத் திட்டவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யார் யாரோ வந்து கேசரி தின்றுவிட்டுப் போகிற வீடு என்று இத்தனை நாள் என்மேல் ஒருத்தி பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.