பூனையோட எடையை மட்டும் சொல்லுங்க

பூனை வைத்தியம் என்பது, பூனையைத் தொடுவதற்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவரைச் சமாளிக்கிற தொழில். "என்ன இப்படி இளைச்சுட்டீங்க" என்று யாரிடமாவது வாய்தவறிக் கேட்டுவிட்டு, அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே அவர்கள் வீட்டுக் கதையைக் கேட்டவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பார்கள். உங்களுக்கு அது என்றைக்கோ ஒருநாள். எனக்கு அதுதான் பிழைப்பு.

எழுபதுகளின் கடைசியில், செகந்திராபாத் திருமுல்கேரியில் ஒரு சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் மேசையும் தராசும் போட்டு உட்கார்ந்தேன். எண்பதுகளிலும் அதே இடம்தான். தமிழ் பேசுகிற டாக்டர் என்று பேர் பரவிவிட்டதால், பேகம்பேட்டிலிருந்தும் காஞ்சன்பாக்கிலிருந்தும் கூடையில் பூனையை வைத்துக்கொண்டு பஸ் மாறி பஸ் ஏறி வருவார்கள். வருகிற வழியில் எத்தனையோ டாக்டர்கள் இருந்தார்கள். தங்கள் பூனைக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஏறுங்கள், இறங்குங்கள்

பூனையைத் தனியாகத் தராசில் நிறுத்த முடியாது. நிற்காது. அதனால் என்னிடம் இருந்தது ஆள் நிறுக்கிற தராசுதான். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவரை அப்படியே அதில் ஏற்றுவேன். பிறகு பூனையை மேசைமேல் விட்டுவிட்டு அவரை மட்டும் மறுபடி ஏறச் சொல்வேன். அதிலிருந்து இதைக் கழித்தால் பூனை. கணக்கு சுத்தம். ஒரே ஒரு சங்கடம், பூனையின் எடை தெரிய வேண்டுமானால் ஆளின் எடையும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

செகந்திராபாத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே குடியேறிய குடும்பத்து அம்மாள் ஒருவர், நல்ல வளர்த்தியான பூனையோடு வந்தார். அவரும் வளர்த்திதான். முதல் தடவை கம்பீரமாக ஏறி நின்றார். இரண்டாவது தடவை ஏறச் சொன்னதும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். காத்திருந்த நாலைந்து பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய கணவர் ஒல்லியான மனிதர், "நான் ஏறட்டுமா?" என்றார் அப்பாவியாக. முதலில் யார் ஏறினார்களோ அவரேதான் ஏற வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் பூனை புலியாகிவிடும் என்றேன். எல்லோரும் சிரித்தோம். அம்மாள் மட்டும் அசையவில்லை. வேண்டாம், எதற்கு, பூனை எல்லாம் அவர் வாயில் ஊர் உருதுவாகத்தான் வரும். "நக்கோ டாக்டர். என் வெயிட் உங்களுக்குக் கைக்கு? பில்லியோடது மட்டும் சொல்லுங்கோ, போதும்."

புறங்கை

தராசு பாதிதான் சொல்லும். எலும்பு பெரிதான பூனைக்கு ஐந்து கிலோ சரி, சின்னப் பூனைக்கு அதுவே அதிகம். மீதியை விரல்தான் சொல்ல வேண்டும். உங்கள் கையை விரித்து வைத்துக்கொண்டு புறங்கையைத் தடவிப் பாருங்கள். எலும்பு தட்டுகிறது, ஆனால் மேலே ஒரு மெல்லிய சதை இருக்கிறது. பூனையின் விலா அப்படி இருந்தால் சரியான உடம்பு. உள்ளங்கை மாதிரி எலும்பே தட்டுப்படாவிட்டால் கொழுப்பு. கையை மூடிக்கொண்டு முட்டியைத் தடவினால் இருக்கிற மாதிரி இருந்தால் அது மெலிவு. கண்ணை நம்பவே கூடாது. ரோமம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

பேகம்பேட்டில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர், பஞ்சுப்பொதி மாதிரி ஒரு பூனையைக் கொண்டுவந்தார். கூட பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பெண். "கொழுகொழுன்னுதான் இருக்கு சார், சும்மா ஒரு செக்கப்புக்குத்தான்" என்றார். விரலை உள்ளே விட்டால் ஒவ்வொரு விலாவும் தனித்தனியாகத் தட்டியது. அவருடைய கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன். மனிதருக்கு முகமே மாறிவிட்டது. தினம் மடியில் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறவர்.

யார் சாப்பாடு போடுவது என்று கேட்டேன். பையன்தான் போட்டுக்கொண்டிருந்தானாம். இப்போது வடக்கே எங்கேயோ காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறான். பல், வாய், வயிறு எல்லாம் பார்த்தேன், நோய் எதுவும் தெரியவில்லை. "ஏட்டி, சாப்பிடுதா இல்லியா, நீதான பாக்க?" என்று அப்பா தமிழில் கேட்டார். அண்ணன் வருகிறவரை அது தின்னாது என்று அந்தப் பெண் தெலுங்கில் பதில் சொன்னாள். புதுச் செய்தி எதையும் சொல்கிற குரலாக இல்லை. வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது போல. "அன்ன வச்சேதாக்கா தினது நான்னா."

மணியன் குறையவில்லை

மணியன் ஒரு சாம்பல் நிறப் பூனை. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் இருந்த பழனிச்சாமி என்பவருடையது. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், பாதுகாப்புத் தளவாட ஃபாக்டரியில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான். குழந்தைகள் கிடையாது. மனைவி சரஸ்வதிக்கு வயிற்றில் வியாதி. செகந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி அழைத்து வருவார். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், அவரை அங்கே உட்காரவைத்துவிட்டு மணியனை என்னிடம் காட்டிவிட்டுப் போவார். வீட்டில் விட்டுவிட்டு வந்தால் கத்தித் தீர்த்துவிடுமாம்.

மணியன் வரவர ஊதிக்கொண்டே போனான். விலாவைத் தேடினால் தலையணையில் விரலை வைத்த மாதிரி இருந்தது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியது. மேசையில் ஏற முடியாமல் முன்னங்காலை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தான். நான் சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். "பாதியாக் குறைச்சுப்போட்டேனுங்க" என்றார். அடுத்த முறை இன்னும் கூடியிருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படியே போனால் சர்க்கரை வரும், மூட்டு போகும், பூனைமேல் பிரியம் என்றால் இதுவா பிரியம் என்று பொரிந்துதள்ளினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கூடையை மூடிக்கொண்டே, "பூனைக்கு வெங்காயம் ஆகாதுன்னு சொல்றாங்களே, நெசங்களா?" என்றார்.

நிஜம்தான், ரத்தத்தைக் கெடுத்துவிடும், காரமும் கூடாது, உப்பும் குறைவாக இருக்க வேண்டும் என்றேன். எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இந்த மனிதர் எதைக் கேட்கிறார் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அவர் தலையாட்டினார். "நல்லதாப் போச்சுங்க, கேட்டுக்கிட்டது."

கழித்தல் கணக்கு

ஒருநாள் சரஸ்வதியம்மாளையும் கூட அழைத்து வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார்கள். நல்ல வெயிலில் அந்த அம்மாள் சால்வை போர்த்தியிருந்தார். ஆட்டோவை அனுப்பிவிட்டதால் வேறு ஆட்டோ பிடித்து வருகிறேன் என்று பழனிச்சாமி வெளியே போனார். மணியன் கூடையிலிருந்து இறங்கி அந்த அம்மாள் மடிக்குப் போய்விட்டான். வேறு யாரிடமும் வரமாட்டேன் என்றான். அப்படியே தராசில் ஏறுங்கள் என்றேன்.

பூனையோடு ஏறினார். பிறகு பூனையை என் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினார். கொடுக்கும்போது அவருடைய புறங்கை என் விரலில் பட்டது. தொழில் பழக்கம், என்ன செய்வது, விரல் தானாகவே பார்த்துவிட்டது. முள்ளைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பெண்ணின் எடை அது.

"இவனுக்கு யாரும்மா இவ்வளவு போடறது?" என்று கேட்டேன். வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நானுங்க" என்றார். தனக்கு ஒரு கவளம்கூட இறங்குவதில்லையாம். "அவரு வேலைக்குப் போயிட்டு வந்து அரிசிம்பருப்பு சாதம் செஞ்சு போடறாருங்க. ஊர்ல செய்யற மாதிரி வராது, சப்புன்னு இருக்கும். அதையும் எப்படிங்க குறை சொல்றது. தட்டோட திருப்பிக் குடுத்தா அவரு முகத்தைப் பாக்க முடியலீங்க. அவரு அந்தப் பக்கம் போனதும் இவனுக்கு வெச்சுடுவேன். தட்டு காலியாயிடும்." வெளியே ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவசரமாக இறங்கிச் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "என்னோடதை அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க டாக்டர். பூனையோட எடையை மட்டும் சொல்லுங்க."

சரியான எடை

அன்றைக்குப் பூனையின் எடையை மட்டும்தான் சொன்னேன். குறைக்கச் சொல்லவில்லை. "இது உடம்பு வாகு, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். பழனிச்சாமி என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு மனைவியை ஆட்டோவில் ஏற்றி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ரொம்ப நாள் வரவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் தனியாக வந்தார். கூடையை மேசைமேல் வைத்தபோதே சத்தம் குறைவாக இருந்தது. மணியன் தானாகவே குதித்து வெளியே வந்தான். விலாவைத் தடவினேன். புறங்கை மாதிரியே இருந்தது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒட்டி, அழகான பூனை. எந்த எடையைக் கேட்டு அவரை அத்தனை நாள் திட்டினேனோ, சரியாக அந்த எடை. நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மணியனைத் தடவியபடியே நின்றேன்.

"ஆடி முடியறதுக்குள்ள போயிட்டாளுங்க" என்றார் அவரே. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. "தட்டு காலியானா அவ முகத்துல ஒரு தெளிவு வருமுங்க. சாப்பிட்டுட்டேன் பாருங்கன்னு தட்டைத் தூக்கிக் காட்டுவா. பாத்தேன் பாத்தேன்னு சொல்லுவேன். வாங்கிட்டுப் போய்க் கழுவி வெப்பேன். அன்னைக்கு உடம்பு வாகுன்னு நீங்க சொன்னீங்களே, சரி, உங்ககிட்ட அவ சொல்லிட்டாப் போலன்னு நெனச்சுக்கிட்டேனுங்க."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். அவர் மணியனைக் கூடைக்குள் இறக்கி, மூடியைப் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "நீங்க ஆகாதுன்னு சொன்ன அன்னையிலிருந்து, அவ சோத்துல நான் வெங்காயமே போடலீங்க."

இத்தனை வருஷத் தொழிலில் பெருத்துப்போய் வந்த பூனைகளில் நான் சொன்ன எடைக்கு அப்படியே இறங்கி வந்தது மணியன் ஒருவன்தான், அதிலும் என் வைத்தியம் என்று ஒன்றும் இல்லை.